உப்பும் அமானிதமும்: மரக்காணம் உப்பள வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்





புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிப் பயணம் செய்வோர் மரக்காணத்தை அடையும்போது, பாத்தி பாத்தியாகக் கட்டப்பட்ட நீர்ப்பரப்பையும், அதன் ஓரத்தில் வெயிலில் மின்னும் வெண்குவியல்களையும் காண்பர். மேற்கே கழுவெளி ஏரி, கிழக்கே வங்கக் கடல், இடையில் உப்பங்கழி என்று இறைவன் அமைத்துத் தந்த நிலம் இது. 3,000 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் உப்பு விளைகிறது. தமிழகத்தின் உப்பு விளையும் ஊர்களைச் சொல்லும்போது தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றோடு மரக்காணத்தையும் சேர்த்தே சொல்லுவர்.

இந்த மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் எனக் கேட்கப்பட்டபோது, மன்னர்களின் வரலாற்றை எழுதுவதைவிட, நம் கண்முன் உள்ள இவ்வுப்பின் வரலாற்றை எழுதுவதே பொருத்தம் என எண்ணினோம். அதிலும் ஒரு கோணத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். சேர்ந்து உழைக்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் எதைக் கொண்டு நம்பினார்கள்? நம்ப மறுத்தவர்கள் என்ன செய்தார்கள்? உப்பின் வரலாறு இவ்விரு கேள்விகளுக்கும் நிறையவே விடை வைத்திருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத நேர்மை

முதலில் தொழிலைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, சனவரி வாக்கில் பாத்திகளில் படிந்த சேற்றை வாரி, தரையை மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். இது பல நாள் வேலை. தரை இறுகவில்லை என்றால் நீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். வாரும் உப்பிலும் மண் கலந்துவிடும். பின்னர் உவர்நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்தி, வெயிலில் செறிவேற்றுகிறார்கள். உப்பளத்தார் 'டிகிரி' என்று சொல்லும் அளவில் கடல்நீர் மூன்று, மூன்றரை இருக்கும். அது இருபத்தைந்தை எட்டும்போது உப்பு மணி பிடிக்கத் தொடங்கும். முப்பதை நெருங்கும்போது, மிஞ்சிய கசப்பு நீரை வடித்து வெளியேற்றிவிட வேண்டும்.

இங்குதான் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம் வருகிறது. அந்தக் கசப்பு நீரில் மக்னீசியம் உப்புகள் உள்ளன. அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையவை. வடிக்காமல் விட்டால் குவியல் ஈரமாகவே இருக்கும். எடையும் கூடுதலாக நிற்கும். வாங்கிச் சென்றவருடைய கிடங்கில் மூட்டை கசிந்து, எடை குறைந்து, உப்பு கட்டிப்பட்டுக் கசந்த பிறகே குறை வெளிப்படும். அதற்குள் வாரியவர் யார், வடித்தவர் யார், சுமந்தவர் யார் என்று எவராலும் பிரித்தறிய இயலாது. தரையை மிதித்தவரின் சோம்பல் வாரியவரின் தலையில் விழும். வாரியவரின் அவசரம் எடை போட்டவரின் தலையில் விழும். ஆகவே உப்பளத்தில் ஒருவருடைய நேர்மை, அவருக்கு அடுத்து நிற்கும் தொழிலாளியின் நற்பெயராகிவிடுகிறது. மேற்பார்வையாளர் எத்தனை பேர் நின்றாலும் ஒவ்வொரு பாத்தியின் மடையிலும் காவல் நிற்க முடியாது.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்த நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழை நனைத்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவரைத் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று விலக்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் இது பதிவாகியுள்ளது. இந்த நபிமொழியைப் பள்ளிவாசலில் உட்கார்ந்து கேட்பவரைவிட, உப்பு அம்பாரத்தின் அருகே நின்று கேட்பவர் விரைவில் விளங்கிக்கொள்வார் என்பது நமது எண்ணம். மழை பெய்தது அவருடைய குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம்.

உமணரும் முத்திரையும்

செங்கடல் வழியாக இந்தியாவுக்கு வந்த கிரேக்க மாலுமி ஒருவர் கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளுஸ்' என்னும் கடல்வழி நூல், சோழமண்டலக் கரையில் சோபட்மா என்ற துறைமுகத்தைக் குறிப்பிடுகிறது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் இந்த சோபட்மாவும் ஒன்றே என்றும், அது இன்றைய மரக்காணமே என்றும் ஆய்வாளர் பலர் கருதுவர். ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனின் பட்டினம் அது.

சங்க நூல்களில் உப்பை விளைவிப்போரைவிட உப்பை எடுத்துச் செல்வோரைப் பற்றிய செய்திகளே மிகுதி. உமணர் எனப்படும் அவர்கள், குடும்பத்தோடு மாட்டுவண்டித் தொடர்களில் உள்நாட்டுக்குச் சென்றனர். கரடுமுரடான வழியில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு சொல்கிறது. சென்ற ஊர்களில் நெல்லுக்கு ஈடாக உப்பை மாற்றினர். கடற்கரையில் விளைந்த உப்பு, அதை விளைவித்தவர் ஒருபோதும் காணாத மலையூரில், அவர் அறியாத விலைக்குக் கைமாறியது. திரும்பி வந்த வண்டி கணக்கைச் சரியாகச் சொல்லும் என்ற நம்பிக்கை இல்லாமல் இவ்வணிகம் ஒரு பருவத்துக்கு மேல் நடந்திருக்காது.

பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பற்றி வரும் பகுதி பலருக்கும் தெரிந்ததே. வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுக்கும்போது குறைத்துக் கொடாமலும் அவர்கள் நடந்துகொண்டதாக அந்நூல் புகழ்கிறது. ஆனால் அதே நூலில், துறைமுகத்தில் பொதிகள் மீது சோழரின் புலிச் சின்னம் பொறிக்கப்பட்ட செய்தியும் வருவதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நேர்மையானவர் என்று புகழப்பட்ட அதே வணிகரின் பொதிக்கும் முத்திரை இடப்பட்டது. முத்திரை இட்டதால் அவரை யாரும் அவமதித்ததாகக் கருதவில்லை.

இதே முறையை அக்கரையிலும் காண்கிறோம். முசிறித் துறைமுகத்தோடு தொடர்புடைய கி.பி. இரண்டாம் நூற்றாண்டு ஒப்பந்தச் சுவடி ஒன்று வியன்னாவில் பாதுகாக்கப்பட்டு, 1985-இல் பதிப்பிக்கப்பட்டது. செங்கடற்கரையில் இறங்கிய சரக்கு ஒட்டகக்காரரிடம் சென்று, பாலைவனம் கடந்து, நைல் நதிப் படகேறி, அலெக்சாந்திரியாக் கிடங்கை அடையும்வரை, இடையிலுள்ள கிடங்குகளில் எவருடைய பொறுப்பில் எவருடைய முத்திரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அது விவரிக்கிறது. ஒட்டகக்காரரை நம்பாததால் எழுதப்பட்டது என்று இதைப் படிக்கலாம். வழியில் ஏதேனும் குறைந்தால், குற்றமற்ற ஒட்டகக்காரர் மீது பழி வராமல் இருக்க எழுதப்பட்டது என்றும் படிக்கலாம். நமக்கு இரண்டாவதே நெருக்கமாகத் தோன்றுகிறது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும், எழுதுபவரும் சாட்சிகளும் துன்புறுத்தப்படாமல் இருக்கவும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுவது இப்பொருளில்தான் என்று நமது உஸ்தாதுமார்கள் பாடம் நடத்துவார்கள். குர்ஆனிலேயே நீளமான வசனம், கணக்கு எழுதுவதைப் பற்றியது என்பதை நினைவிற்கொள்க.

கூட்டாளிகளைப் பற்றிய பேச்சு வந்ததால் ஸாயிப் (ரலி) அவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். நபித்துவத்திற்கு முன் நபி (ஸல்) அவர்களோடு வணிகத்தில் கூட்டாக இருந்தவர் அவர். மக்கா வெற்றியின்போது தோழர்கள் அவரை நபியவர்களிடம் அறிமுகப்படுத்திப் புகழ்ந்தனர். உங்களைவிட நான் அவரை நன்கறிவேன் என்றார்கள் நபியவர்கள். ஸாயிப் அவர்களும், தாங்கள் எவ்வளவு நல்ல கூட்டாளியாக இருந்தீர்கள், என்னோடு பிணங்கியதும் இல்லை, வாதாடியதும் இல்லை என்று கூறியதாக அபூதாவூதில் பதிவாகியுள்ளது. பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவருக்கு நினைவில் நின்றது இலாபம் எவ்வளவு என்பதன்று.

இந்தியப் பெருங்கடல் வணிகம் முழுவதும் இத்தகைய கூட்டுகளால் நடந்தது. கெய்ரோவின் பழைய நகரான ஃபுஸ்தாத்தில் உள்ள யூத ஆலயத்துக் காகிதக் குவியலிலிருந்து வெளிவந்த கடிதங்கள் இதற்குச் சான்று. கி.பி. 1130-களிலும் 1140-களிலும் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பின் யிஜூ என்ற யூதருக்கும், ஏதனில் இருந்த அவருடைய கூட்டாளி மத்மூனுக்கும் இடையிலான கடிதங்கள் அவற்றில் உள்ளன. யூதர், முஸ்லிம், இந்து என்ற வேறுபாடின்றிச் சரக்குகள் கைமாறின. பொம்மா என்ற இந்தியப் பணியாளர், முதலாளியின் சரக்கோடும் பணத்தோடும் தனியாக ஏதன் சென்று திரும்பினார். எல்லாம் நேர்மையாகவே நடந்தன என்று நாம் சொல்லவில்லை. ஏலக்காய்க்காக முன்பணம் பெற்ற உள்ளூர் முகவர் ஒருவர் சரக்கைத் தராமல் இழுத்தடித்ததும், அதனால் ஏதன் வணிகர் கொதித்து எழுதியதும் அதே கடிதங்களில் காணப்படுகின்றன. நம்பிக்கை இருந்த காலம் என்று எதையும் தனியே பிரித்துக் காட்ட முடியாது. எக்காலத்திலும் சிலர் முன்பணத்தை விழுங்கினர். மற்றவர்கள் தொழிலைத் தொடர்ந்தனர்.

சோழர் காலத்தில் உப்பு விளைந்த முக்கிய ஊர்களில் ஒன்றாகக் கல்வெட்டுகளின் வாயிலாக மரக்காணம் அறியப்படுகிறது. உப்பளங்கள் அன்றும் அரசின் கண்காணிப்பில் இருந்தன. பின்னர் நவாபு காலத்தில் அருகிலுள்ள ஆலம்பரைக் கோட்டை வாணிபத் துறையாக விளங்கியது. அக்கோட்டை 1750-இல் முஸஃபர் ஜங்கால் பிரெஞ்சு ஆளுநர் டியூப்ளேக்குக் கொடுக்கப்பட்டு, 1760-இல் ஆங்கிலேயரால் கைப்பற்றப்பட்டு இடிக்கப்பட்டது. இன்றும் அதன் இடிபாடுகளைக் காணலாம்.

அமானி என்ற சொல்

அக்காலத்து வருவாய்க் கணக்குகளில் 'அமானி' என்றொரு சொல் வழங்கியது. நிலத்தையோ உப்பளத்தையோ குத்தகைக்கு விடாமல், அரசே தன் ஆட்களைக் கொண்டு நேரடியாக நிர்வகித்து விளைச்சலைப் பிரித்துக்கொள்வது அமானி முறை. இது 'அமானத்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள் என்பது அதன் பொருள். பாக்கி, வசூல், அசல், நகல், ஜாமீன், மகசூல் ஆகிய சொற்களும் அரபியிலிருந்து வந்தவையே. தராசு பாரசீகச் சொல். கணக்குப் புத்தகத்தில் இத்தனை அரபுச் சொற்கள் இருக்கையில், அவற்றுள் ஒன்று அமானிதமாகவும் இருப்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆயினும் அச்சொல்லைத் தாங்கிய நிர்வாகங்கள் எல்லாம் அப்பொருளையும் தாங்கின என்று கருதிவிட வேண்டா.

1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. உப்பு விளைவிப்போர் அனைத்தையும் கம்பெனியிடமே ஒப்படைக்க வேண்டும். அவர்களுக்குக் 'குடிவாரம்' என்ற பெயரில் ஒரு சிறு தொகை கொடுக்கப்படும். கம்பெனியோ கரிசை ஒன்றுக்கு 70 ரூபாய் என்று விலை வைத்து மக்களுக்கு விற்றது. 1809-இல் அது 105 ரூபாயாக உயர்ந்தது. 1820-இல் 70-க்கு இறங்கி, 1828-இல் மீண்டும் 105 ஆனது. விளைவித்தவரின் பங்கு அதற்கேற்ப உயர்ந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்லத் தேவையில்லை.

அளவுகளின் கதையும் இங்கே சொல்லத்தக்கது. கரிசை என்பது 400 மரக்கால். உப்புக் கணக்கில் அதை 120 மணங்கு என்று நிறுத்தனர். இன்றைய கணக்கில் ஏறத்தாழ நான்கரை டன். ஆனால் எந்த மணங்கு? சென்னை மணங்கு எட்டு வீசை, அதாவது 25 ராத்தல். அரசு உப்பு வரிக்குப் பயன்படுத்திய இந்திய மணங்கோ 82 ராத்தலுக்கும் மேல். பெயர் ஒன்று, எடை மூன்று மடங்கு வேறு. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழைப்பாளியின் முன் எந்த மணங்கு பேசப்பட்டது, எந்த மணங்கு எழுதப்பட்டது என்பதை அவர் எப்படி அறிவார்?

முகத்தல் அளவை என்றால் வேறு தந்திரம். மரக்காலைக் குவித்து அளப்பதா, தலை வழித்து அளப்பதா, பெருமணி உப்பா, பொடி உப்பா என்பதில் வித்தியாசம் விழும். நிறுத்தல் அளவை வந்தபோது அந்த வித்தியாசம் போய், ஈரம் என்ற வித்தியாசம் வந்தது. ஒவ்வொரு அளவைக்கும் ஒரு கள்ள வாசல் உண்டு. மத்யன் நகரத்தாரிடம் ஷுஐப் (அலை) அவர்கள் முகத்தல், நிறுத்தல் இரண்டையும் தனித்தனியே சொல்லி எச்சரித்ததாகக் குர்ஆன் கூறுவதன் நுட்பத்தை இங்கே காண்கிறோம். அதே மத்யனுக்குத்தான் மூஸா (அலை) அவர்கள் அடைக்கலம் தேடிச் சென்றார்கள். அங்கே அவர்களைப் பணிக்கு அமர்த்தும்படி தம் தந்தையிடம் பரிந்துரைத்த பெண், உடல்வலிமை, நம்பகத்தன்மை என்ற இரண்டு தகுதிகளைச் சொன்னார். அம்முதியவர் ஷுஐப் நபிதானா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவராயினும், அளவு மோசடிக்குப் பெயர்போன ஓர் ஊரில் பணியாளரிடம் நம்பகத்தன்மையைத் தேடினார்கள் என்பது சிந்திக்கத்தக்கது.

மரக்கால் கொண்டு அளக்கும்போது முதல் அளவை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணுவது நம் நாட்டு வழக்கம். நம் வீடுகளில் சிலர் 'பரக்கத்' என்று தொடங்குவர். அளப்பவர் உரக்க எண்ண, சுற்றி நிற்பவர் கேட்க வேண்டும். அவ்வோசையே அன்றைய ரசீது.

ஆங்கிலேய அரசு இத்தகைய ஓசைகளை நம்பவில்லை. 1876-ஆம் ஆண்டின் சென்னை உப்பு ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், உரிமம் பெற்றவர் விளைவித்து, வரி கட்டிய பிறகே வெளியே எடுத்துச் செல்லும் முறை பரவியது. 1882-இல் இந்திய உப்புச் சட்டமும், 1889-இல் சென்னை உப்புச் சட்டமும் வந்தன. 1882-இல் மணங்குக்கு 2 ரூபாயாக இருந்த வரி 1888-இல் இரண்டரை ரூபாயானது. கிடங்குகளுக்குக் காவல், எடை போட அதிகாரி, வெளியே செல்ல அனுமதிச் சீட்டு என்று அமைந்தன. கழியோரச் சதுப்பில் தானாகப் பூத்த உப்பை ஏழைப் பெண்கள் அள்ளிவிடக் கூடாது என்பதற்காக, சேவகர்களை அனுப்பி அதை மண்ணோடு மிதித்து அழித்தார்கள். இறைவன் இலவசமாகத் தந்ததை அழிப்பதற்குச் சம்பளம் கொடுத்த ஒரு நிர்வாகத்தை வேறு எங்கும் தேடிக் காண்பது அரிது. இதே காலத்தில்தான், 1876–78 பெரும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தோரின் உழைப்பையும் கொண்டு நிறைவேறிய பக்கிங்காம் கால்வாய் வழியே, அதன் தென்கோடியான மரக்காணத்திலிருந்து உப்புப் படகுகள் சென்னைக்குச் சென்றன.

யாரையும் நம்பாத அமைப்பில் ஒரு தீங்கு உண்டு. அது தொழிலாளரைத் தங்களுக்குள்ளேயே ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கப் பழக்குகிறது. அவ்வாறிருந்தும் 1930-இல் நடந்தது வேறு. இராசாசியின் தலைமையில் ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்பு யாத்திரையினருக்கு உணவோ இடமோ கொடுப்போர் தண்டிக்கப்படுவர் எனத் தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். வழியிலிருந்த மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கட்டியவர் யார் என்று உண்டவருக்கும் தெரியாது. எத்தனையோ கைகள் சேர்ந்து செய்த காரியத்தில் காட்டிக்கொடுப்போர் இல்லாமையால், யாத்திரை ஏப்ரல் 28-இல் வேதாரண்யம் சேர்ந்தது. 30-ஆம் தேதி இராசாசி கைதானார். 1931 மார்ச் 5-ஆம் நாள் ஏற்பட்ட காந்தி–இர்வின் உடன்பாட்டில், கரையோரக் கிராமத்தார் தம் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளும் சலுகை கிடைத்தது.

உப்பு வரி முற்றிலும் நீங்கியது 1947 ஏப்ரல் முதல் தேதி. அதற்கு முந்தைய பிப்ரவரி 28-இல், இடைக்கால அரசின் நிதி உறுப்பினராக இருந்த லியாகத் அலீ கான் தமது வரவு செலவுத் திட்டத்தில் இதை அறிவித்தார். காந்தியடிகள் தொடங்கிய போராட்டத்தின் முடிவுரை முஸ்லிம் லீக் தலைவர் ஒருவரின் கையால் எழுதப்பட்டது என்பதை இரு நாட்டு வரலாற்று நூல்களும் பெரிதாகப் பேசுவதில்லை. 1948 ஏப்ரலில் 10 ஏக்கர் வரையிலான உப்பளங்களுக்கு உரிமம் தேவையில்லை என்று சுதந்திர அரசு அறிவித்தது. சிறு உற்பத்தியாளர்கள் இதனால் பெருகினர். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1958 முதல் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வர, இரண்டு மணங்குகளும் ஒருசேரக் கணக்குப் புத்தகத்தை விட்டுப் போயின.

மழைக்காலக் கணக்கு

காவலர் சென்றனர், வரி போயிற்று, கிலோகிராம் வந்தது. எஞ்சியிருப்பது முன்பணம். அக்டோபரில் மழை இறங்கினால் பாத்திகள் கரைந்துவிடும். மூன்று மாதங்களுக்கு மேல் உப்பள வேலை இல்லை. இம்மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அது போதாத வீடுகளில் அடுத்த பருவத்துக் கூலியை முன்னதாகவே வாங்கிச் செலவு செய்கிறார்கள். கொடுப்பவரும் பெரும்பாலும் பெரிய செல்வந்தர் அல்லர். குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் சிறு உற்பத்தியாளரே. பல இடங்களில் கொடுத்தவர் மனத்தில் ஒரு கணக்கும், வாங்கியவர் மனத்தில் ஒரு கணக்கும் இருக்கும். தையில் வேலை தொடங்கும்போது இரண்டும் ஒத்துப்போகா. இருவருமே பொய் சொல்லாதவர்களாக இருந்தும் பகை மூண்டுவிடும். ஆண்டுகள் பல ஒரே பாத்தியில் நின்றவர்கள் முகம் கொடுத்துப் பேசாமல் போவார்கள்.

எழுதி வாங்கினால் நம்பாததுபோல் ஆகிவிடுமே என்ற கூச்சமே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. புலிச் சின்னம் பொறித்த பொதிகளை அனுப்பிய வணிகருக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. தலைச்சுமையாக உப்பைச் சுமந்து கரையேற்றும் பெண்களின் நடைக் கணக்கு, எடை போடுபவரின் சீட்டு, முன்பணத் தேதி ஆகிய மூன்றையும் இருவர் கையிலும் ஒவ்வொரு பிரதியாக வைத்துக்கொள்ள, நாற்பது பக்க நோட்டுப் புத்தகங்கள் இரண்டு போதும்.